புறநகரில் வீடு: யாருடைய கணக்கில் முடிவெடுப்பது?

சென்னையில் வேலை, ஓரளவு சேமிப்பு, பள்ளி வயதில் ஒரு பிள்ளை, ஊரிலிருந்து வந்து உடன் தங்கும் பெற்றோர். இப்படி ஒரு குடும்பம் வீடு தேடத் தொடங்கினால் இரண்டு வழிகள் முன்னால் நிற்கின்றன. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ ஒரு பழைய சிறிய வீட்டில் வாடகைக்கு இருக்கலாம். அல்லது வங்கிக் கடன் போட்டு, தாம்பரத்திலோ மேடவாக்கத்திலோ ஊரப்பாக்கத்திலோ சொந்தமாக வாங்கலாம். இரண்டாவது வழியில் போனவர்களால்தான் சென்னையின் தெற்கும் மேற்கும் கடந்த முப்பது ஆண்டுகளில் நிரம்பின.

போகலாமா, வேண்டாமா என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டே பதில்கள் கிடைக்கும். மனை விற்பவர், "அஞ்சு வருஷத்துல இந்த ஏரியா எங்கேயோ போயிடும் சார்" என்பார். வெள்ளத்தில் மாட்டியவர், "அந்தப் பக்கமே தலைவைக்காதீங்க" என்பார். இரண்டு பதில்களும் ஒரு பெரும் பகுதி முழுவதற்கும் ஒரே தீர்ப்பு எழுதுகின்றன. ஒரு தெருவில் படகு விடும் அளவுக்குத் தண்ணீர் நிற்க, அரை கிலோமீட்டர் தள்ளி இன்னொரு தெரு மறுநாளே காய்ந்துவிடுவது இந்தத் தீர்ப்புகளில் அகப்படாது. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. வீட்டை முதலீடாகவும் சம்பாதிப்பவரின் அலுவலகப் பயணமாகவும் மட்டுமே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் நாள் முழுவதும் அந்த ஊரில் இருக்கப்போகிறவர்கள் பிள்ளைகள், முதியவர்கள், வீட்டைக் கவனித்துக்கொள்பவர்கள். முடிவு அவர்களுடைய கணக்கில் எடுக்கப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. தென்சென்னைப் புறநகரை, பல்லாவரம் முதல் கூடுவாஞ்சேரி வரையும் பள்ளிக்கரணை முதல் பெரும்பாக்கம் வரையும் எடுத்துக்கொண்டு, அந்தக் கணக்கை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம்.

ரயில் வளர்த்த ஊரும் சாலை வளர்த்த ஊரும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி நகரின் நெரிசலிலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதற்கு முன்பே, 1928-ல், காசநோய் மருத்துவமனை அங்கே வந்துவிட்டது. நல்ல காற்றும் ரயில் வசதியும் சேர்ந்து அந்த ஊரை வளர்த்தன. பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று இந்தப் பாதையில் வளர்ந்த ஊர்களுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. ரயில் நிலையம் நடுவில் இருக்கும். கடைத்தெரு, பள்ளி, கோவில், மருந்துக்கடை எல்லாம் அதிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அமைந்திருக்கும்.

மேடவாக்கம், பெரும்பாக்கம், மாடம்பாக்கம், நாவலூர் ஆகியவை வேறு வகை. 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, பழைய மகாபலிபுரம் சாலை நெடுக மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. வயலும் ஏரியுமாக இருந்த ஊர்கள் அடுக்ககங்களாக மாறின. இவற்றை நகரோடு இணைப்பது சாலை மட்டுமே.

வீடு தேடுபவர் முதலில் பார்க்க வேண்டிய வேறுபாடு இதுதான். தாம்பரத்திலிருந்து கடற்கரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மின்சார ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் திங்கட்கிழமை காலையிலும் ஏறக்குறைய அதேதான். மேடவாக்கத்திலிருந்து கிண்டி தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் பள்ளி திறக்கும் நாளிலோ மழை பெய்யும் மாலையிலோ அந்தப் பயணம் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நீண்டாலும் நிலையாக இருக்கும் பயணத்தை வைத்துக் குடும்பம் தன் நாளைத் திட்டமிடலாம். நிலையில்லாத பயணம், தூரம் குறைவாக இருந்தாலும், குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது முதல் இரவுச் சாப்பாடு வரை எல்லாவற்றையும் கலைத்துப்போடும்.

வரப்போகும் வசதியை நம்பி வாங்குவது தனி ஆபத்து. வேளச்சேரி வரை 2007-ல் வந்த பறக்கும் ரயிலைப் பரங்கிமலை வரை, வெறும் 5 கிலோமீட்டர், நீட்டும் வேலை 2008-ல் தொடங்கியது. ஆதம்பாக்கத்தில் நிலம் எடுப்பதில் எழுந்த சிக்கலால் பத்தாண்டுக்கு மேல் தூண்கள் மட்டுமே நின்றன. "ரயில் வந்துவிடும்" என்று அந்தப் பாதையில் வாங்கியவர்களின் பிள்ளைகள் பள்ளிப்படிப்பையே முடித்திருப்பார்கள். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது, அதற்கு எதிரே ரயில் நிலையம் இல்லை. மாதவரத்திலிருந்து மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் செல்லும் மெட்ரோ தடம் இரண்டாம் கட்டத்தில் இருக்கிறது. அது வந்தால் சாலை வளர்த்த ஊர்களின் நிலையே மாறும். ஆனாலும் விளம்பரப் பலகையில் ஓடும் ரயிலுக்காக இன்றைய விலையில் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இன்று ஓடும் வண்டியை வைத்து முடிவெடுப்பதே முறை.

தண்ணீர்: மிகுந்தும் குறைந்தும்

இந்தப் பகுதியில் வீடு தேடும் யாரும் அடுத்ததாகத் தெரிந்துகொள்ள வேண்டியது, இது ஏரிகளின் நிலம் என்பது. செம்பாக்கம், சிட்லபாக்கம், சேலையூர், மாடம்பாக்கம், நன்மங்கலம், நாராயணபுரம், கீழ்க்கட்டளை என்று ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அடுத்ததற்குப் போகும். கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். அந்தச் சதுப்பு ஒரு காலத்தில் இன்றைப்போல் பல மடங்கு பரந்திருந்தது. குப்பைக்கிடங்கு, சாலைகள், அலுவலக வளாகங்கள், குடியிருப்புகள் அதைச் சுருக்கின. 2022-ல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டபோது எஞ்சியிருந்த பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். தண்ணீர் நிற்க இடம் குறைந்தது. வந்துசேரும் தண்ணீரின் அளவு குறையவில்லை.

மேற்கே, முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் கதை வேறு. அங்கே ஓடுவது அடையாறு. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரித் திறப்பையே சொல்கிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் சேரும் இடம் திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேற்புறம் இருப்பவை. அவற்றை மூழ்கடித்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளிலிருந்து வந்த தண்ணீரும் அன்று கொட்டிய மழையும். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. சென்னையின் சராசரி ஆண்டு மழையே 140 செ.மீ. அளவுதான். ஆகவே, "இனிமேல் ஏரியை முன்கூட்டியே திறப்பார்கள், பயமில்லை" என்று யாராவது முடிச்சூர்ப் பக்கத்து மனைக்குச் சமாதானம் சொன்னால், அந்தச் சமாதானம் அந்த இடத்துக்குப் பொருந்தாது. ஒவ்வொரு தெருவுக்கும் அதற்குரிய நீர்வழி இருக்கிறது. எந்த ஏரியின் தண்ணீர் எந்த வழியாக வந்து எங்கே வடிகிறது என்பதை அந்தத் தெருவுக்கென்றே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் மறுபடி மூழ்கின. வீட்டுக்குள் தண்ணீர் புகாத மேல்மாடிக்காரர்களும் மின்சாரமின்றி, பாலின்றி, குடிநீரின்றி நாட்களைக் கழித்தார்கள். மூன்றாவது மாடியில் வாங்கினால் வெள்ளம் நம்மைத் தொடாது என்ற எண்ணம் அப்போது பொய்யானது. மின்தூக்கி நின்றால் மூட்டுவலி உள்ள பாட்டிக்கு மூன்றாவது மாடியே சிறை. கீழே சம்பில் கழிவுநீர் கலந்துவிட்டால் மேலே தொட்டியில் வருவதும் அதே நீர்தான்.

மழை அடங்கி நான்கு மாதம் கழித்து அதே ஊர்களில் எதிர்ப்பக்கச் சிக்கல் தொடங்குகிறது. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் முக்கிய ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. குழாய் இணைப்பு இருந்த நகரத் தெருக்களே தவித்தபோது, இணைப்பே இல்லாத புறநகர் அடுக்ககங்கள் முழுவதுமாக லாரியை நம்பியிருந்தன. பழைய மகாபலிபுரம் சாலையின் பல வளாகங்கள் இன்றும் அப்படித்தான். லாரி எங்கிருந்து வருகிறது? இன்னும் சற்று தெற்கே உள்ள கிராமங்களின் கிணறுகளிலிருந்தும் ஆழ்குழாய்களிலிருந்தும். அங்கே விவசாயிகள் எதிர்த்து நின்றாலோ லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தாலோ, கோடி ரூபாய் வீட்டிலும் வாளி வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் நகரின் நிலையைத் தேற்றியிருக்கின்றன. ஆனால் ஆலையில் உற்பத்தியாவது நம் தெருவுக்கு வர வேண்டுமானால், தெருவில் குழாய் பதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

எனவே வீடு பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. 2015-லும் 2023-லும் இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, எத்தனை நாள் நின்றது? மே மாதம் ஆழ்குழாயில் தண்ணீர் எத்தனை அடியில் வருகிறது, உப்புக் கரிக்கிறதா? கோடையில் வளாகத்துக்கு ஒரு நாளைக்கு எத்தனை லாரி? பாதாளச் சாக்கடை உண்டா, செப்டிக் டேங்க்கை எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கிறார்கள்? தரகரிடம் இவற்றைக் கேட்டுப் பயனில்லை. தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம், இஸ்திரி போடுபவரிடம், வளாகக் காவலாளியிடம் கேட்டால் உண்மை கிடைக்கும். பழைய வீடுகளின் வெளிச்சுவரில் தண்ணீர் நின்ற கறையும் கண்ணுக்குத் தெரியும்.

எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

2011-ல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பள்ளிக்கரணை, பெருங்குடி, சோழிங்கநல்லூர் உள்ளே வந்தன. பள்ளிக்கரணையை ஒட்டிய மேடவாக்கம் அப்போது ஊராட்சியாகவே வெளியே நின்றது. மேற்கே 2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. ஒரே சாலையில் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் உள்ளாட்சி மாறிவிடும்.

குப்பை யார் எடுப்பது, தெருவிளக்கு யாருடையது, மழைநீர் வடிகால் எந்த ஆண்டுத் திட்டத்தில் வரும் என்பதையெல்லாம் அந்த எல்லைதான் தீர்மானிக்கிறது. ஊராட்சியாக இருந்தபோது ஆயிரக்கணக்கான அடுக்ககங்களுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. அவ்வளவு பேருக்குச் சாக்கடையும் சாலையும் அமைக்கும் ஆளும் நிதியும் ஊராட்சிக்கு இருப்பதில்லை. மாநகராட்சியானதும் வரி முதலில் உயரும். குழாய் பதிக்கத் தோண்டிய சாலை பிறகு நெடுநாள் கிடக்கும். இடைப்பட்ட புறநகரின் முதல் பத்தாண்டு பெரும்பாலும் இப்படித்தான் கழியும். அதைத் தெரிந்துகொண்டு போவது வேறு; நகரத்து வசதி தயாராக இருக்கும் என்று நம்பிப் போவது வேறு.

பத்திரம் சொல்வதும் சொல்லாததும்

பட்டா, வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம் ஆகிய மூன்றையும் வழக்கறிஞரிடம் காட்டுவது இன்று எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. இந்தப் பகுதியில் அது போதாது. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணும் அதை ஒட்டிய எண்களும் என்ன வகையில் பதிவாகியிருக்கின்றன, புலப்படத்தில் வாய்க்கால் ஏதேனும் குறுக்கே போகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கத்து எண் ஏரியாகவோ ஓடையாகவோ இருந்தால், நம் பட்டா சுத்தமாக இருந்தாலும் மழை நம் வாசலுக்குத்தான் வரும்.

அங்கீகாரமற்ற மனைகள் பத்திரப்பதிவாவதை 2016-ல் சென்னை உயர்நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டு அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. வரன்முறைப்படுத்திய மனை சட்டப்படி சரியானது. ஆனால் வரன்முறைக் கட்டணம் தாழ்வான நிலத்தை உயர்த்திவிடாது. அடுக்ககம் என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ கட்டும் திட்டம் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்பில் குறை வந்தால் கட்டியவரே சரிசெய்ய வேண்டும் என்பதும் அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பு. இத்தனை இருந்தும், எந்தச் சான்றிதழும் தண்ணீர் நின்ற உயரத்தைச் சொல்வதில்லை.

வீட்டில் இருப்பவரின் நாள்

விலையை ஒப்பிடும்போது நகரத்து வாடகையையும் புறநகர் மாதத் தவணையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிறோம். தவணையோடு சேர வேண்டியவை இன்னும் பல: பராமரிப்புக் கட்டணம், லாரித் தண்ணீர், குடிக்கக் கேன், பள்ளி வேன், இன்வெர்ட்டர், பெரும்பாலும் இரண்டாவது வண்டி. இவற்றைச் சேர்த்த பிறகும் மிச்சம் தெரிந்தால் அது உண்மையான மிச்சம்.

பணத்தில் அடங்காதவை அதைவிட முக்கியம். எட்டாம் வகுப்புப் பெண் டியூஷனிலிருந்து தனியாக நடந்துவரும் அளவுக்குத் தெருவில் வெளிச்சமும் ஆள்நடமாட்டமும் இருக்கிறதா? அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் இரவு இரண்டு மணிக்கு எந்த மருத்துவமனைக்கு, எவ்வளவு நேரத்தில் போகலாம்? அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் இருக்கிறது. ஆனால் உள்தெருவிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போக ஷேர் ஆட்டோவைத்தான் நம்ப வேண்டுமென்றால், அந்தச் சலுகையில் பாதி வழியிலேயே கரைந்துவிடும். ஊரில் காய்கறிக்கும் கோவிலுக்கும் நடந்துபோய் நாலு பேரோடு பேசிப் பழகிய அம்மாவை, பதினைந்து மாடி வளாகத்தில், கேட்டைத் தாண்டினால் நடைபாதையே இல்லாத இடத்தில் கொண்டுவந்து வைத்தால், வீடு எவ்வளவு வசதியாக இருந்தாலும் அவர் சுருங்கிப்போவார்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நகருக்குள் அதே பணத்துக்குக் கிடைக்கும் வீட்டில் பெரும்பாலும் ஒரு படுக்கையறைதான், வெளிச்சமும் குறைவு. புறநகரில் பிள்ளைக்குப் படிக்கத் தனி அறையும், விளையாட இடமும், வயதானவர் காற்றாட உட்கார ஒரு பால்கனியும் கிடைக்கும். சேலையூரிலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும் தெருவே ஒரு குடும்பம்போல் வாழும் பழைய குடியிருப்புகள் இன்னும் இருக்கின்றன. ஏற்கெனவே இரண்டு தலைமுறை வாழ்ந்த தெருவில் ஒரு பழைய வீட்டை வாங்குவது, புதிதாக மண் கொட்டி மேடாக்கிய மனையில் கட்டுவதைவிடப் பெரும்பாலும் நல்ல முடிவு. அங்கே வடிகாலும் உறவும் ஏற்கெனவே சோதிக்கப்பட்டவை.

இங்கே ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்கு நகரின் ஆற்றோரங்களிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மாற்றப்பட்டன. அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. வீட்டு வேலைக்குப் போன பெண்கள் வேலையை இழந்தார்கள். பள்ளி நடுவிலேயே நின்றுபோன பிள்ளைகள் உண்டு. அதே வெள்ளமும் அதே பேருந்துப் பற்றாக்குறையும் அவர்களை இன்னும் கடுமையாகத் தாக்குகின்றன. வசதியுள்ளவர்கள் தங்களுக்குக் கேட்கும் குழாயும் வடிகாலும் பேருந்தும் அவர்களுக்கும் சேர்த்தே கேட்கப்பட வேண்டியவை.

முதலில் வாடகை, பிறகு முடிவு

என் பரிந்துரை இது: வாங்க நினைக்கும் தெருவிலேயோ வளாகத்திலேயோ ஓராண்டு வாடகைக்கு இருந்து பாருங்கள். அந்த ஓராண்டுக்குள் ஒரு வடகிழக்குப் பருவமழையும் ஒரு முழுக் கோடையும் வந்துபோக வேண்டும். தமிழ்நாட்டில் மனைக்கும் மறுவிற்பனை வீட்டுக்கும் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு. 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 5,40,000 ரூபாய் திரும்பி வராது. தவறான இடத்தை வாங்கி விற்பதைவிட ஓராண்டு வாடகை மலிவு. வாடகைச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது, ஒப்பந்தத்தையும் பதிவுசெய்ய வேண்டும்.

வேலை செய்யும் இடம் அதே பக்கத்தில் இருந்து, ரயில் நிலையமோ நல்ல பேருந்து வழித்தடமோ நடக்கும் தூரத்தில் இருந்து, தெரு இரண்டு பெருமழைகளைத் தாங்கியிருந்தால் தயங்காமல் போகலாம். கணவனும் மனைவியும் நகரின் எதிரெதிர்த் திசைகளில் வேலைக்குப் போகும் வீடு, வாரம் இருமுறை டயாலிசிஸ் தேவைப்படும் பெரியவர் இருக்கும் வீடு, தவணை கட்டியபின் கையில் எதுவும் மிஞ்சாத வீடு ஆகியவை நகருக்குள் சிறிய வாடகை வீட்டிலேயே இன்னும் சில ஆண்டு இருப்பது நல்லது. சொந்த வீடு இல்லை என்பதில் எந்தக் குறையும் இல்லை.

போகிறவர்கள் ஊரின் ஏரியையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். 2019-ன் வறட்சியில் சிட்லபாக்கத்தில் குடியிருப்போர் தாங்களே ஏரிக்குள் இறங்கிக் குப்பை அகற்றினார்கள். விடாமல் மனுக் கொடுத்தார்கள். பிறகு அரசு நிதி ஒதுக்கி ஏரியைச் சீரமைத்தது. புறநகரில் நல்ல வாழ்க்கை அமைந்த இடங்களில் இப்படி யாரோ சிலர் முனைந்து நின்றிருக்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு குடும்பமும் மளிகைக் கடையில் விசாரித்தும் சுவர்க்கறையைத் தேடியும் தன் பாதுகாப்பைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்பது நியாயமில்லை. பதிவுத் துறை வழிகாட்டி மதிப்பைத் தெருவாரியாகவும் சர்வே எண்வாரியாகவும் வெளியிடுகிறது. 2015-லும் 2023-லும் அந்தத் தெருவில் தண்ணீர் நின்ற உயரம், குடிநீர்க் குழாய் உண்டா, சாக்கடை இணைப்பு உண்டா என்ற விவரங்களையும் அதே பட்டியலில் சேர்த்து வெளியிட அரசால் முடியும். அப்படி ஒரு பட்டியல் வந்தால் மனை விற்பவரும் வங்கியும் வாங்குபவரும் ஒரே உண்மையின் முன் உட்கார்ந்து பேசுவார்கள். தாழ்நிலத்தில் கட்டடம் எழுவதும் தானாகவே குறையும். வீடு தேடுபவர்கள் அரசிடம் ஒன்றாகச் சேர்ந்து கேட்க வேண்டிய முதல் கோரிக்கை அதுவே.